வாசல்நிலை மரத்தில் ஒரு கிட்டார்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரிமளத்தில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. நிழலுக்கு ஒதுங்கிய தச்சுப் பட்டறையில் ஒருவர் மகளுக்காகக் கிட்டார் செய்கிறார். முன்பலகை தட்டையாக இல்லை. ஆமை ஓடு போல மேடாகச் செதுக்கியிருக்கிறார். அதன் ஓரத்தைச் சுற்றி ஒட்ட, ரிப்பன் போல மெல்லிதாக அறுத்த மரப் பட்டையை நனைத்து, சூடான இரும்புக் குழாயில் வைத்து வளைக்கிறார். இடித்த தன் பழைய வீட்டின் வாசல்நிலையில் தேறியது அந்தப் பட்டை ஒன்றுதானாம். மகள் எந்த ஊருக்குப் போனாலும் வீட்டு வாசலும் கூடவே போகட்டும் என்கிறார்.

பசை தடவி ஒட்டும்போது கிட்டாரின் இடுப்பு வளைவில் பட்டை எழும்புகிறது.

"ஆத்தா, இந்த எடத்தச் செத்த அமுக்கிப் புடிக்கிறீங்களா?"

கூச்சத்தோடு கட்டைவிரலை வைக்கிறேன். அவர் நாடாவைச் சுற்றி இறுக்குகிறார். பஞ்சர் சரியாகி, கண்டக்டர் விசில் அடிக்கிறார்.

"பஸ்ஸு போயிரும்யா."

"போனா அடுத்த பஸ்ஸு வரும் ஆத்தா. இது ஒடஞ்சா நான் எந்த வீட்டப் போயி இடிக்க?"

சிரித்துவிடுகிறேன். விரலை எடுக்கவில்லை. பஸ் போகிறது.

அடுத்த பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பட்டை ஒட்டியதா என்பது பசை காய்ந்து நாடாவைப் பிரித்தால்தான் தெரியுமாம். அந்தப் பக்கம் போகிறவர்கள், நான் கேட்க மறந்ததை, மரம் தேக்கா வேங்கையா என்று கேளுங்கள். இடுப்பில் பட்டை நிற்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.