மஞ்சத்தண்ணி மாரத்தான்

இத எழுதவே வேணாம்னுதான் இருந்தேன். வருசா வருசம் தீபாவளிக்கு மாமா கடையில சட்டத்துணி ஓசியில வருது, அத எதுக்கு நானே கெடுத்துக்கணும். அதோட, அஞ்சாவதுலயே பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவன் நான். பேனா புடிச்சாலே விரலு வலிக்கும். ஆனா போன வாரம் கடையில மாமா ஒரு பொம்பளைக்குப் புடவ விரிச்சுக் காட்டிக்கிட்டே, "அந்தத் திருவிழா மட்டும் குறுக்க வரலன்னா நான் தேசிய வீரன், தெரியுமா"ன்னு மறுபடி ஆரம்பிச்சாரு. பக்கத்துல துணி மடிச்சிக்கிட்டிருந்த எனக்குச் சிரிப்பு தாங்கல. சரி, துணி போனா போவுதுன்னு உக்காந்துட்டேன்.

மெர்டேக்கா, அதான் சுதந்தரம், கெடச்ச புதுசு அது. எதுக்கு முன்னாடி 'தேசிய'ன்னு ஒட்டுனாலும் சனங்க நெஞ்ச நிமித்திக்குவாங்க. எங்க மாமா, அம்மாவோட தம்பி, காஜா பேராங்ல எங்க வீட்லதான் இருந்தாரு. என்ன வேலன்னு கேட்டா "ஓடுறேன்"ம்பாரு. கோலாலம்பூர்ல தேசிய மாரத்தான் வைக்கப் போறாங்கன்னு பேச்சு. நெனச்சவன் எல்லாம் போயி நின்னுற முடியாது. மொதல்ல இங்கயே ஒரு தேர்வு ஓட்டம் வைப்பாங்க, சொன்ன நேரத்துக்குள்ள ஓடி முடிச்சவன்தான் போவலாம். மாமா ரெண்டு வாட்டி ஓடி ரெண்டு வாட்டியும் கோட்ட விட்டாரு. மொத வாட்டி வயிறு. அடுத்த வாட்டி நாயி.

மூணாவது வாட்டிக்கு முன்னாடி அப்பா கூப்புட்டு உக்கார வச்சாரு.

"இதான் கடைசி. நேரத்துக்குள்ள வந்தேன்னா கோலாலம்பூருக்கு டிக்கெட் நான் எடுக்குறேன். வரலன்னா ஜாலான் பெண்டஹாரா துணிக்கடையில போயி கஜக்கோலு புடி."

"கஜக்கோலு புடிக்கிறதுக்குப் புலி வாலப் புடிக்கலாம் மச்சான். வந்துருவேன்."

ஓட்டத்துக்கு நாள் குறிச்ச புண்ணியவானுங்களுக்கு மாரியம்மன் பத்தி ஒண்ணும் தெரியாது போல. அன்னிக்கே எங்க பக்கத்துல திருவிழா. காவடி வர்ற ரோட்லதான் ஓட்டமும் வரணும். அது பத்தாதுன்னு எங்கம்மா ஒரு வேல பண்ணுச்சு. தம்பி ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டு, அவரோட வெள்ள பனியனையும் கால்சட்டையையும் மஞ்சள்ல முக்கி எடுத்துருச்சு. கையில ஒரு காப்பு, நெத்தியில பட்ட பட்டயா விபூதி. காலுல சப்பாத்தும் கெடையாது, மாமாவுக்கு வெறுங்காலுதான் வசதி.

பண்டார் ஹிலிர் திடல்ல கெளம்பி, செங்ங்குற ஊரத் தாண்டிப் போயி, திரும்பி அதே திடலுக்கு வரணும். அப்பா வாட்ச்சப் பாத்துக்கிட்டே சைக்கிள்ல பின்னாடி வந்தாரு. நான் முன்னாடி பார்ல உக்காந்து மணி அடிச்சேன். வழி விடச் சொல்லி அடிக்கணும்னு எனக்கு உத்தரவு. நான் சும்மாவும் அடிச்சேன்.

திரும்பி வரும்போது மாமாதான் மொத ஆளு. ரொம்பப் பின்னாடி சைக்கிள் கட வச்சிருந்த ஒரு சீனர், அவருக்கும் பின்னாடி ஒரு போலீஸ்காரரு. அப்பா வாட்ச்சப் பாத்து மொத தடவையா சிரிச்சாரு. "நேரம் நெறையாக் கெடக்கு, அப்புடியே போ"ன்னாரு.

காஜா பேராங்ல நொழஞ்சோம். ரோட்டோரத்துல ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் பொம்பளைங்க மஞ்சத்தண்ணிக் கொடத்தோட காவடிக்குக் காத்துக்கிட்டு நிக்குறாங்க. அவுங்க கண்ணுக்கு என்ன தெரியும்? மேலருந்து கீழ வரைக்கும் மஞ்சளா ஒரு ஆளு, வேர்த்து ஊத்தி, கண்ணு சொருகி, வெறுங்காலோட ஓடி வர்றாரு. பின்னாடி மணிச்சத்தம் வேற.

"வேல் வேல்"னு ஒரு அம்மா ஓடி வந்து மாமா காலுல ஒரு கொடத்த ஊத்திருச்சு. ஊத்துற தண்ணியத் தாண்டி ஓட முடியுமா, ஆத்தா கோவிச்சுக்குமே. மாமா நின்னாரு.

"காவடியக் காணோமே?"ன்னு ஒரு பெருசு கேட்டுச்சு.

"அது பின்னாடி லாரில வருது"ன்னு இன்னொரு பெருசு வெவரமா பதில் சொல்லுச்சு.

அடுத்த வீடு, அதுக்கடுத்த வீடு. ஒவ்வொரு எடத்துலயும் மாமா நிப்பாரு, கால நனைப்பாரு, கும்புட்டுட்டு ஓடுவாரு. ஒரு அம்மா புள்ளைய நீட்டி விபூதி பூசச் சொன்னுச்சு. தன் நெத்தியில இருந்ததயே வழிச்சுப் பூசி விட்டாரு. "ஓடுடா டேய்"ன்னு அப்பா கத்துனாரு. அதுக்குள்ள சீனர் வந்துட்டாரு. அவரு பாத்தாரு, தண்ணி ஊத்துறாங்க, சும்மாதான் ஊத்துறாங்க. ஓடிக்கிட்டே ஒரு கால இந்த வீட்ல நீட்டுனாரு, மறு கால அடுத்த வீட்ல நீட்டுனாரு, போயிட்டாரு.

அப்பவும் நேரம் இருந்துச்சு. "இன்னும் முடியும்டா"ன்னு அப்பா கெஞ்சுனாரு.

அப்பத்தான் செட்டி வீடு ஒண்ணு வந்துச்சு, நீலக் கதவு. வாசல்ல கெபாயா சட்டையும் சாரோங் கைலியும் போட்டுக்கிட்டு ஒரு அக்கா நின்னுச்சு. மாமா தெனமும் பயிற்சிக்கு அந்த வழியாத்தான் ஓடுவாரு, அங்க காத்து நல்லா வருதும்பாரு. அந்த அக்கா ஒரு கொடம் ஊத்துச்சு. மாமா நகரல.

"சுடா பாசா, பாங்." நனைஞ்சிருச்சு அண்ணேன்னு மலாய்ல சொன்னுச்சு அந்த அக்கா. இங்க செட்டிங்க நம்ம சாமியத்தான் கும்புடுவாங்க, ஆனா தலமுற தலமுறையா பேச்சு மலாய்தான், வீட்ல தமிழ் பேச மாட்டாங்க.

மாமா குனிஞ்சு எடது காலப் பாத்தாரு. "பெலும்"ன்னாரு. இன்னும் இல்லையாம்.

அந்த அக்கா கதவுக்குப் பின்னாடி கைய விட்டு இன்னொரு கொடத்த எடுத்து ஊத்துச்சு. இப்ப வலது காலு சரியில்ல. மறுபடி "பெலும்." மூணாவது கொடமும் வந்துச்சு. "மாமா, ரெண்டு காலும் நனைஞ்சிருச்சு"ன்னு நான் மணி அடிச்சு அடிச்சுச் சொல்றேன், அவரு காதுலயே வாங்கல. போலீஸ்காரரும் தாண்டிப் போயிட்டாரு.

ஒரு கொடம் ஊத்துற நேர வித்தியாசத்துலதான் மாமா கோட்ட விட்டாரு. சீனர் கோலாலம்பூருக்குப் போனாரு.

வீட்ல பஞ்சாயத்து. அப்பா மஞ்சளத் திட்டுனாரு. ஆத்தாவ எதுக்கு இழுக்குறீங்கன்னு அம்மா சண்டைக்குப் போனுச்சு. மாமா தலையத் தொங்கப் போட்டு, "எல்லாம் அவ சோதன"ன்னாரு. மாமாவுக்காக நான் சாட்சி சொன்னேன்: "மாமா ரொம்பச் சுத்தக்காரரு. மத்த வீட்ல தெளிச்சாலே போதும்னு ஓடுனாரு. நீலக் கதவு வீட்லதான் மூணு கொடம் ஊத்துனாத்தான் திருப்தியா இருந்துச்சு."

அப்பா அம்மாவப் பாத்தாரு. அம்மா அப்பாவப் பாத்துச்சு. மாமா என் கையப் புடிச்சு வெளிய இழுத்துட்டுப் போயி, சீவுன ஐசுல பாகு ஊத்தித் தர்ற ஐஸ் கச்சாங் வாங்கிக் குடுத்தாரு. உண்மையச் சொன்னா ஐஸ் கச்சாங் கெடைக்கும்னு நான் ரொம்ப நாளு நம்பிக்கிட்டிருந்தேன்.

துணிக்கடைக்குப் போன மொத நாளே மாமா கஜக்கோல வச்சுக்கிட்டு விசில் அடிச்சாரு. தோத்த வருத்தத்துல மூள கலங்கிருச்சுன்னு நெனச்சேன். அந்த அக்கா கெபாயாத் துணி வாங்க வந்துச்சு. மறுபடி வந்துச்சு. ஒரு வீட்ல எத்தன கெபாயாதான் தைப்பாங்கன்னு எனக்கு ஆச்சரியம். அப்பறம் ஒரு நாளு மாலையும் கழுத்துமா எங்க வீட்டுக்கே வந்து எனக்கு அத்தையாயிருச்சு. அத்தை இன்னிக்கும் அவரு காலுல தண்ணி ஊத்தும், நான் பாத்திருக்கேன். ஆனா ஒரு சொம்புதான்.

எழுதுனத என் கூட்டாளிக்குத்தான் மொதல்ல வாசிச்சுக் காட்டுனேன். அவன் அத்தையோட தம்பி, தமிழ் வராது, வரிக்கு வரி மலாய்ல சொன்னேன். அன்னிக்கு மாமா எங்க எல்லாரையும் எப்புடி ஏமாத்துனாரு பாத்தியான்னு கேட்டேன். அவன் சிரிக்கவே இல்ல.

"முந்துன நாளே, மூணு கொடம் வேணும், கதவுக்குப் பின்னாடி வையின்னு சொல்லி என்னையத்தான் தண்ணி தூக்க வச்சுச்சு எங்கக்கா"ன்னான்.