கல்லறைத் தோட்டத்துக் கேட்

வேங்கிக்காலில் பஸ்ஸுக்காக நின்றபோது சவப்பெட்டிக் கடையிலிருந்து புது வார்னிஷ் வாடை வந்தது. சின்ன வயதில் அதே வாடையோடு கல்லறைத் தோட்டத்தின் கேட்டருகே நின்ற நாள் நினைவுக்கு வந்தது.

எங்கள் சபையில் பெண்கள் அந்தக் கேட்டைத் தாண்டமாட்டார்கள். உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று அம்மாவை நச்சரிப்பேன்.

"எனக்கு எப்படிடீ தெரியும்? நானும் பார்த்ததில்ல" என்பாள்.

அந்த வருஷம்தான் முதன்முதலாக ஒரு பெண் போதகர் வந்திருந்தார். போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் கூப்பிட்டுப் பழகிய எங்களுக்கு, இவரை என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

சபையின் மூத்தவர் ஒருவர் இறந்துபோனார். பெட்டி கேட்டருகே வந்ததும் அவருடைய மகன் போதகரை மறித்தார்.

"இங்கயே ஜெபம் பண்ணிடுங்க. உள்ள வந்தீங்கன்னா மேலிடத்துல சொல்லி உங்கள மாத்திடுவோம்."

"மாத்துங்க. குழிகிட்ட ஜெபம் பண்ணாம நான் போகமாட்டேன்."

போதகர் வேதாகமத்தை அணைத்துக்கொண்டு உள்ளே நடந்தார். பெட்டியும் பின்னால் போனது. அம்மா சட்டென்று என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

முள்செடிகள், மேயும் ஆடுகள், தூரத்தில் மலை. எனக்குப் பெரிய ஏமாற்றம். அம்மா மட்டும் குழி வெட்டியவரிடம் மெதுவாகக் கேட்டாள்: "எங்கப்பா எந்தப் பக்கம் இருக்காருங்க?"

சொன்னபடியே போதகரை மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்தவர் ஆண். ஆனால் அடுத்த அடக்கத்தன்று பெண்கள் யாரும் கேட்டோடு நின்றுவிடவில்லை.