என் முழங்கையும் அவள் முழங்கையும்

பெண்டாட்டி கொண்டை போடுவதைப் பார்த்து வயிறெரிந்த மனிதன் ஆரணியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருடம் முழுக்க எரிந்தேன். காலையில் எழுந்ததும் இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், ஏதோ பேசிக்கொண்டே முடியைச் சுருட்டிச் செருகிவிடுவாள். முழங்கை இரண்டும் அவ்வளவு சுலபமாக மடங்கும். நான் பக்கத்தில் இடது கையால் பல் தேய்த்துக்கொண்டு நிற்பேன். என் வலது கை வாய் வரைக்கும் வராது.

இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே இடத்தில்தான் விழுந்தோம். அதனால்தான் எனக்கு ஆற்றாமை. அன்று விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டியிருந்தோம். சேலைக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, கோலில் சுருட்டித் தறிக்குக் கொண்டுபோக வேண்டும். பாதி வேலையில் மழை பிடித்துக்கொண்டது. அவசர அவசரமாகச் சுருட்டி, ஒரு முனையை நானும் மறுமுனையை அவளும் தூக்கிக்கொண்டு ஓடினோம். வாசல் கல்லில் இருவருக்கும் கால் வழுக்கியது. அவள் கோலை விட்டுவிட்டு இடது உள்ளங்கையைத் தரையில் ஊன்றினாள். நான் பட்டு நெய்கிறவன், பாவைச் சேற்றில் போடுவேனா? இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தேன். வலது முழங்கை நேராகப் போய்க் கல்லில் இடித்தது. பாவில் ஒரு சொட்டு சேறு படவில்லை.

வேலூரில் டாக்டர் முதலில் கேட்டதே, "எப்படி விழுந்தீங்க?" என்றுதான். விழுந்த விதத்தைப் பொறுத்துத்தான் எலும்பு உடையும் என்றார். அவள் கையை ஊன்றியதால் அடி உள்ளங்கை வழியாக மேலே ஏறி, முழங்கைக்குள் ஓர் எலும்பின் தலையில் கீறல் விட்டிருந்தது. எலும்பு இடம் நகரவில்லை. கழுத்திலிருந்து கையைத் தூளி மாதிரி தொங்கவிட்டு, வலி குறைந்ததும் ஆட்டச் சொன்னார். எனக்கு முழங்கையின் முனையே தனியாகக் கழன்று, சதை அதை மேலே இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஆபரேஷன் செய்து, உள்ளே கம்பி கட்டி, வெளியே மாவுக்கட்டு போட்டார்கள்.

"அதைக் கீழ விட்டிருந்தா உங்களுக்கும் லேசா போயிருக்கும்" என்றார் டாக்டர்.

விட்டவளுக்குத் தூளி, விடாதவனுக்குக் கம்பி. இது என்ன நியாயம் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

பட்டு கொடுத்து நெய்யச் சொன்ன முதலாளி அந்தப் பாவுக்காக எத்தனை நாள் காத்திருப்பார்? என் கட்டு பிரிவதற்குள் அவள் தறியில் உட்கார்ந்துவிட்டாள். பிறந்த வீட்டிலேயே நெய்யக் கற்றவள்தான். ஆனால் எங்கள் வீட்டில் தறி என்னுடையது, குறுக்கு இழைக்கான நூலை ராட்டையில் தாராகச் சுற்றுவது அவளுடையது, அப்படித்தான் இருந்தது. இப்போது நான் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்தேன். நான் கை உடைத்துக் காப்பாற்றிய பாவு, என் தறியில், அவள் கையில் சேலையாக வந்துகொண்டிருந்தது. நன்றாகவும் வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, உன் கைய விட அண்ணி கை சோக்கா கீதே!" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

கட்டு பிரித்த பிறகு கையை மடக்கிப் பழகச் சொல்லியிருந்தார்கள். உள்ளே கம்பி அறுந்துவிடுமோ என்று பயந்து, தலையணைமேல் வைத்துப் பாதுகாத்தேன். அவள் கை தலைக்குப் பின்னால் போனதைப் பார்த்த அன்று ரோஷம் வந்துவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய் போட்டு அழுத்தி நீவச் சொன்னேன். போதாததற்குத் தண்ணீர் நிரம்பிய குடத்தைத் தூக்கித் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். முழங்கை பூசணிக்காய் மாதிரி வீங்கியது. டாக்டர் திட்டினார். முழங்கை மூட்டை வம்புக்கு இழுத்தால் அது இன்னும் இறுகிக்கொள்ளுமாம்.

"ஏங்க, கைய இப்டி குடுங்க. நானும் வலிச்சிகினேதான் ஆட்டுனேன்" என்றாள் அவள்.

"உன்னுது வேற, என்னுது வேற. சும்மா பேஜார் பண்ணாத."

அவள் விடவில்லை. சாயங்காலத்தில் தறியை விட்டு எழுந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்து, டாக்டர் காட்டிக்கொடுத்த மாதிரி மெல்ல மடக்கி, மெல்ல நீட்டுவாள். நாளெல்லாம் நெய்த பிறகும் அவள் கையில் அவ்வளவு தெம்பு மிச்சம் இருந்ததே, அதைப் பார்த்தும் எரிச்சல்தான் வந்தது. எப்படியோ அடுத்த ஆடி முடிவதற்குள் சோற்றைப் பிசைந்து வாயில் போட்டுக்கொள்கிற அளவுக்குக் கை வந்துவிட்டது.

அன்றே, "நான் ஒக்கார்றேன், எறங்கு" என்றேன். அவள் இறங்கி ராட்டைக்குப் போனாள்.

வாய்க்கு எட்டிய கை தறிக்குப் போதவில்லை. கயிற்றை வெடுக்கென்று இழுத்தால்தான் குறுக்கு இழையைக் கொண்டுபோகிற நாடா பாவுக்குள் புகுந்து அந்தப் பக்கம் ஓடும். என் இழுப்புக்கு அது பாதி வழியில் நின்றது. இழைகள் அறுந்தன. அறுந்ததை முடிந்து முடிந்து நெய்தேன். நாளாக ஆக, தறிக்குழிக்குள் இருந்துகொண்டே ராட்டைப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகினேன். அவளும் என்னைப் பார்க்கவில்லை.

சேலை முடிந்ததும் முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்தார். நான் தறியை விட்டு இறங்கி ராட்டைப் பக்கம் இருந்தேன். சேலையை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். கரையோரம் நெளிந்து கிடந்தது, முந்தானைக்குப் பக்கத்தில் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது.

"இன்னாமா இது? யாரு நெய்ஞ்சது?"

நான் குனிந்து ராட்டையில் இருந்த நூலைச் சரிசெய்தேன்.

"நான்தாங்க. காய்ச்சலோட ஒக்காந்துட்டேன், கை ஓடல" என்றாள் அவள்.

முதலாளி சிரித்தார். "உன் கையில ஒண்ணு இப்டி ஆனா ஆயிட்டுப் போவுது. ஒடம்பப் பாத்துக்கமா" என்று சொல்லி, அடுத்த பாவை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் என் பக்கம் திரும்பாமல் அந்தச் சேலையை மடித்தாள். எனக்கு அவள்மேல் அன்பு பொங்கியிருக்க வேண்டும். பொங்கவில்லை. ஒரு கெட்ட சேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டாலும் குறையாத அளவுக்கு அவளிடம் நல்ல பெயர் இருக்கிறதே என்று, அதற்கும் சேர்த்து எரிந்தது.