ஜைத்தூனுக்காகக் கேட்ட துஆ

அந்த வருஷம் எங்கள் குறுவை நெல்லை மிராசுதாரின் ஆட்கள் களத்திலிருந்தே அள்ளிக்கொண்டு போனார்கள். வீட்டில் பிடி அரிசி இல்லை.

குத்தகைக்கு உழுகிறவர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்த காலம் அது. முத்துப்பேட்டைப் பக்கம் எங்களைப் போல வெறும் வாய்ப்பேச்சில் உழுதவர்களுக்கு அது ஒன்றுதான் வழி. என் கணவர் மனுக் கொடுத்தார். “அவன் கூலிக்கு வந்தவன், குத்தகைக்காரன் இல்லை” என்று மிராசுதார் ஒரே போடாகப் போட்டார். எங்களுக்காகச் சாட்சி சொல்ல யாரும் வாய் திறக்கவில்லை. எல்லார் வயலுக்கும் அவருடைய வாய்க்கால் வழியாகத்தான் தண்ணீர் வர வேண்டும்.

வேறு வழியில்லாமல் கொழுந்தன் வீட்டில் போய்ச் சாப்பிட்டோம். கொழுந்தன் பினாங்கில் கடை வைத்திருந்தார். ஊரில் இருந்தது அவர் மனைவி, என் ஓர்ப்படி ஜைத்தூன் மட்டும். மாடி வீடு. எங்கள் வயலை ஒட்டியே சொந்த நிலம். கழுத்து நிறைய நகை. என்னை அக்கா முறையில் ‘ராத்தா’ என்று கூப்பிட்டு, நெய்ச்சோறும் இறால் ஆணமும் கொண்டுவந்து வைப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும், சகோதரிகளே. சாப்பிட்டு முடித்ததும் உணவும் நீரும் தந்த அல்லாஹ்வைப் புகழ்கிறோம். பிறர் வீட்டில் சாப்பிட்டால் அதோடு நிறுத்துவதில்லை. ‘யா அல்லாஹ், எனக்கு உணவளித்தவருக்கு நீ உணவளி’ என்றும் துஆ கேட்க வேண்டும். நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்ன கையோடு எழுந்துவிடுவேன். அவளுக்கு நான் வேறு கேட்க வேண்டுமா? எல்லாவற்றையும் அவள் மடியிலேயே கொட்டிவிட்டானே!

விசாரணைக்கு முந்தின நாள் பகல். சோற்றில் கை வைத்த என் கணவர் அப்படியே நிறுத்திவிட்டார். “நாளைக்கு நெலம் போச்சுன்னா நாம எங்க புள்ள போறது?” என்றார். கண் கலங்கிவிட்டது. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

கையைக் கழுவிவிட்டு வந்து ஏந்தினேன். ‘இவளைப் பார்த்தால் எனக்கு எரிகிறது, ரப்பே. அது உனக்குத் தெரியும்’ என்று மனசுக்குள் சொன்னேன். பிறகு வாய்விட்டே கேட்டேன். “யா அல்லாஹ், எங்களுக்குச் சோறு போட்ட ஜைத்தூனுக்குக் கொறையில்லாம குடு. எங்க நெலத்த எங்களுக்கு விட்டுக் குடு.”

ஜைத்தூன் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு, சட்டென்று முகத்தைத் திருப்பி உள்ளே போனாள். திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாவடியில் அதிகாரி சாட்சி யார் என்று கேட்டார். நாங்கள் தலை குனிந்து நின்றோம். அப்போது வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கடைத்தெருவுக்குக்கூடப் போகாத ஜைத்தூன்!

“இவங்கதான் உழுவுறாங்கன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?” என்றார் அதிகாரி.

“எங்க மாடியிலேர்ந்து பாப்பேங்க. ஒவ்வொரு போகமும் நாத்து விடுறது, நடுறது, அறுக்குறது, எல்லாம் இவங்கதான். மத்தியானம் மச்சான் வரப்புல உக்காந்து சாப்புடுவாங்க. ராத்தா பக்கத்துல உக்காந்து அள்ளி அள்ளி வைப்பாங்க. எனக்கு அப்படி உக்காந்து சாப்புட ஆளு இல்லீங்க. வயித்தெரிச்சலோட பாத்தது மறக்குமா?”

நான் அவள் நகையைப் பார்த்து எரிந்த காலமெல்லாம் அவள் என் சோற்றுத்தூக்கைப் பார்த்து எரிந்திருக்கிறாள். அந்த எரிச்சலையே அல்லாஹ் எங்களுக்குச் சாட்சியாக்கினான். நிலம் எங்கள் குத்தகை என்று பதிவானது. அல்ஹம்துலில்லாஹ்.

திரும்பி வரும்போது, “ஒனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?” என்று கேட்டேன்.

“எத்தனையோ பேரு என் வீட்டுல சாப்புட்டிருக்காங்க ராத்தா. எம் பேரைச் சொல்லி நேத்துதான் ஒருத்தர் துஆ கேட்டாங்க.”

மிராசுதார் அவளுக்கு வரும் வாய்க்காலை அடைத்துவிட்டார். எங்கள் வயல் அவருடைய நிலமே என்பதால் அதற்கு வரும் தண்ணீரை நிறுத்தவில்லை; நாங்கள் எங்கள் வரப்பை வெட்டி அவள் வயலுக்குத் தண்ணீர் விட்டோம்.

எனக்குப் பொறாமை அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவள் புதுச் சேலை கட்டினால் இன்றும் கண் அங்கேதான் போகிறது. ஆனால் அவளுக்குக் கேட்காமல் நான் எழுவதில்லை. சகோதரிகளே, யாருடைய சோறு உங்கள் தொண்டையில் இறங்க மறுக்கிறதோ அவர் பெயரைச் சொல்லியே கேளுங்கள். மனசு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு மனசு வராமல்தான் கேட்டேன். அதற்கே அவன் கொடுத்தான்.