பெட்டிக்குள் சிரித்த என் குரல்

தேவர்சோலைப் பக்கம் ஒரு பள்ளத்தில் இருக்கும் சின்னத் தேயிலை ஃபேக்டரியில் நான் கிளார்க். மொபைல் சிக்னல் அந்தப் பள்ளத்துக்குள் இறங்காது. அதனால் போன், இன்டர்நெட், எடை போட்டதும் பில் அடிக்கும் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் இணைத்துவிட்டார் முதலாளி. போன் செய்பவர்களை வரவேற்க ஒரு குரல் வேண்டுமாம். என் குரல் இனிமை என்று யாரோ எப்போதோ சொன்னதை நம்பி நானே பேசிப் பதிந்தேன்.

"வணக்கமுங்க! நல்லா இருக்கீங்களா? இலை ஏத்த ஜீப் வேணும்னா ஒண்ணை அமுத்துங்க!"

கடைசியில் ஒரு சிரிப்பு வேறு.

மறுநாள் காலை முழுக்க என் மேசைப் போன் அடிக்கவே இல்லை. என்ன ஒரு நிம்மதி என்று டீக்கு மேல் டீ குடித்தேன்.

மத்தியானம், எங்களுக்கு இலை கொடுக்கும் விவசாயி ஒருவர் வாடகை வண்டியில் மூட்டைகளோடு வந்து இறங்கினார். கையில் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி. நேரே உள்ளே வந்து என் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார்.

"காலைல இருந்து கூப்பிடறேன். இலை சாக்குல வேகுது, ஜீப்பை அனுப்புன்னு கெஞ்சறேன். நல்லா இருக்கீங்களான்னு கேட்டுச் சிரிக்கிறியாடா?"

"ஏனுங்க, அது நானில்லீங்க, பெட்டிங்க..."

"உன்ற தொண்டை எனக்குத் தெரியாதா?"

அவர் விட்ட ஒரே அறையில் உதடு கிழிந்தது. கத்தியைத் திருப்பிப் பிடித்து, பிடியால் தோளில் போட்டார். திருப்பிப் பிடித்தாரே, அந்த மரியாதையை அடிபடும்போதே மெச்சிக்கொண்டேன்.

நிரூபிக்கிறேன் பேர்வழி என்று ஸ்பீக்கரைப் போட்டு எங்கள் நம்பருக்கே அடித்தேன். என் வாயில் ரத்தம் ஒழுக, பெட்டிக்குள்ளிருந்து நான் குஷியாக நலம் விசாரித்துச் சிரித்தேன். ஒன்றை அமுத்தினால் மேசைப் போன் அடிக்காமல் மறுபடியும் அதே வணக்கம், அதே சிரிப்பு.

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வினை.

"அப்ப இத்தனை நேரம் ஒரு டப்பாகிட்டயா அழுதிருக்கேன்?"

இந்த முறை கத்தியைத் திருப்பவில்லை. பெட்டி இரண்டாகப் பிளந்தது.

வெளியே எடை மேடையில் சத்தம். பில் கம்ப்யூட்டரும் கூடவே செத்துவிட்டது. இலையோடு வரிசையில் நின்றவர்கள் உள்ளே பாய்ந்து வந்து, கத்தியைப் பிடுங்கி, அவரை முற்றத்துக்கு இழுத்துப் போனார்கள்.

"உன்ற இலை போச்சுன்னா, எங்க இலையும் வேகோணுமாடா?"

முகத்திலும் வயிற்றிலும் மிதித்தார்கள். என்ன நினைத்தேனோ, தடுக்கிறேன் என்று அவர்மேல் விழுந்தேன். அவருக்கு வந்த உதையில் பாதி என் இடுப்புக்கு வந்தது.

பரணில் கிடக்கும் பழைய தொங்கு தராசை இறக்குங்கள், பில்லை அப்புறம் பார்க்கலாம் என்று கத்தினேன். வீங்கிய உதட்டிலிருந்து காற்றுதான் வந்தது. எனக்கு அடியில் கிடந்தவருக்குத்தான் அது விளங்கியது.

"தொங்கு தராசாமாடா! பில்லு அப்புறமாமா! நிறுத்துங்கடா!"

நிறுத்தினார்கள்.

மேல்கம்பியில் தராசை மாட்டினோம். நான் முள்ளைப் பார்த்து விரலைக் காட்ட, அவர் மூக்கு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொருவர் எடையையும் உரக்கச் சொன்னார்.

கடைசியாக அவருடைய மூட்டைகள். சாக்குக்குள் கையை விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உள்ளே இலை வெந்து சிவந்திருந்தது. இருக்கட்டும் என்று கொக்கியில் மாட்டப் போனேன்.

"வேண்டாமுங்க" என்றார்.

ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கிப்போய்ப் பின்பக்கச் சாக்கடையில் கொட்டினார்.