இரண்டு குழுவுக்கு ஒரு 'ஓம்'

மல்யுத்தம் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மொன்ட்ரியால் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். நாலு பேர் கூடினால் பின்வரிசை தேடுகிறவன். வாரா வாரம் என் சின்னக் கதைகளைப் பொறுத்துக்கொள்ளும் நீங்கள் இதையும் பொறுக்க வேண்டும். போன ஞாயிறு பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னோடு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஜூட், மன்னார் ஆள். நாற்பதை நெருங்குகிறான். கிழமையில் ஐந்து நாள் வேலை. ஞாயிறு பின்னேரம் ரெஸ்லிங். டீவியில் வருவதுபோலப் பெரியது இல்லை... மொன்ட்ரியால்-நோரில் ஒரு மண்டபம், மடக்குக் கதிரைகள், நூறு சனம்.

ஒரே முதலாளிக்கு இரண்டு குழு. வில்லரேப் பகுதியில் வெள்ளிக்கிழமைக் குழு, இங்கே ஞாயிற்றுக் குழு. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பேர். ஒரு குழுவின் ஆள் மற்றதன் மேடையில் ஏறுவதில்லை. இப்போது முதலாளி இரண்டையும் ஒன்றாக்கப் போகிறார்.

மதியச் சாப்பாட்டு நேரம் ஜூட் இதைச் சொன்னான். நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன்.

"நல்லதுதானே? புதுச் சோடிகள் வரும். சனமும் கூடும்."

"ஓம் அண்ணை, நல்லதுதான். இருபத்திநாலு பேரிலை பன்னிரண்டு பேரைத்தான் வைச்சிருப்பினமாம். அது ஒண்டுதான் சின்னப் பிரச்சினை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சோற்றை மட்டும் முடிக்கவில்லை.

அவனுடைய இடத்துக்குப் போட்டி, வெள்ளிக் குழு லூக். கியூபெக்காரன், கதவளவு உடம்பு. இருவரையும் ஒரு தரம் மோதவிட்டுப் பார்த்து, ஒருவரை வைத்துக்கொள்வதாக முடிவு. சண்டையில் வெல்வது லூக் என்று முன்பே பேசியாகிவிட்டது. இடம் யாருக்கு என்பதுதான் பேசப்படவில்லை.

"பொய்ச் சண்டைக்கு ஏன் இவ்வளவு பயப்படுறாய்?" என்று கேட்டேன்.

"முடிவுதான் பொய் அண்ணை. விழுறது மெய்."

எப்படி விழுவது என்றும் விளக்கினான். தோளில் தூக்கப்பட்டவன், தான் தயார் என்று காதுக்குள் சொல்ல வேண்டும். சொன்ன கணமே தூக்கியவன் எறிவான், இவன் உந்துவான். இரண்டும் ஒன்றாக நடந்தால் முதுகு தட்டையாக விழும். பிந்தினால் கழுத்து.

ஜூட் எட்டு வருடமாக அதற்குச் சொல்வது "ஓம்". எங்கள் ஊர் 'ஆமாம்' அதுதான்; முதல் நாள் பழக்கத்தில் வாயில் வந்தது. ஞாயிற்றுக் குழு முழுவதும் அதையே பிடித்துக்கொண்டது. ஹெயிட்டிக்காரனும் "ஓம்", இத்தாலிக்காரனும் "ஓம்". கேட்டபோது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது.

வெள்ளிக் குழுவில் பேச்சே கிடையாது. தூக்கியவனின் கையை இரண்டு தரம் அழுத்துவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எட்டு வருடப் பழக்கத்தை யார் எடுத்துச் சொல்கிறார்கள்?

ஞாயிறு, கடைசி வரிசையில் இருந்தேன். லூக் ஜூட்டைத் தோளில் தூக்கினான். சனம் கத்தியது. ஜூட்டின் உதடு அசைந்தது. உந்தினான்.

லூக் அசையவில்லை. கை அழுத்தத்துக்காக நிற்கிறான்.

ஜூட் தலைகீழாக வந்தான். அந்தக் கதவளவு மனிதன் அப்படியே தன்னைக் கீழே போட்டான்... ஜூட்டின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன் தோள் மேடைப் பலகையில் அடிக்க. மண்டபமே அதிர்ந்தது. சனம் கைதட்டியது. அவர்களுக்கு அது வித்தை.

பின்னறைக்குத் தண்ணீர்ப் போத்தலோடு போனேன். லூக் தோளில் ஐஸ் வைத்துக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ சொல்ல, ஜூட் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணை, பிரெஞ்சிலையும் 'ஓம்' இருக்கு. மனுசன் எண்டு அர்த்தம். 'இவன் ஏன் என்ரை காதுக்குள்ளை மனுசன் எண்டுறான்' எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டவனாம்."

"பேந்து என்ன நடந்தது?"

"பேந்தென்ன, யோசிச்சு முடிக்கமுதல் நான் கீழை வந்திட்டன்."

ஒன்றை நினைத்துப் பாருங்கள். லூக் சும்மா நின்றிருந்தால் இடம் அவனுக்கே. யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். யோசிக்க அவனுக்கு நேரம் ஏது என்பீர்கள். அதுதான் எனக்கு இன்னும் பிரமிப்பு - யோசிக்க நேரமில்லாதபோது ஒரு உடம்பு தானாக எடுத்த முடிவு அது. கண்முன் அப்படியொன்றை நான் கண்டதில்லை.

அப்படியென்றால் இரண்டு குழுவை ஒன்றாக்குவது நல்லதா? இப்போதும் நல்லதென்றே நினைக்கிறேன். பெயர்களைச் சேர்க்கமுதல், 'தயார்' என்பதற்கு என்ன சொல்வது என்று ஒரு கோப்பி குடிக்கும் நேரமாவது கதைத்திருக்கலாம்.

அடுத்த நாள் விடியவே பட்டியல் வந்தது. லூக்கின் பெயர் இருந்தது. ஜூட்டின் பெயர் இல்லை. ஏழு மணிக்கு ஜூட் ஃபோர்க்லிஃப்டில் ஏறினான். கவலையோ என்று கேட்டேன்.

"ஓம்" என்றான்.