மீட்டருக்கு முன்னால் செடி

ஊட்டியில் வாங்கிய ஹைட்ராஞ்சியா பூச்செடியை எங்கள் ஒதியம்பட்டு வீட்டு மாமரத்தடியில் வைத்திருந்தேன். நிழலில் இருந்தும் மதியமானால் இலைகளைத் தொங்கப் போட்டுவிடும். ஒரு நாள் குடத்தோடு ஓடியபோது, கரண்ட் மீட்டர் பார்க்க வந்த ஒல்லியான மனிதர் தடுத்தார். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து மண்ணில் குத்திப் பார்த்தார். ஈரம் ஒட்டியிருந்தது.

“ஊத்தாதீங்கக்கா, வேர் அழுவிப் பூடும். வெயில் எறங்கினா அதுவே நிமிந்துக்கும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்க வூட்ல நாலு செடி வச்சேன். வாடுதே வாடுதேன்னு நான்தான் ஊத்தி ஊத்தி சாவடிச்சேன்.”

சாயங்காலம் செடி நிமிர்ந்தது. அதன்பின் எப்போது வந்தாலும் பேனாவை மண்ணில் குத்தி, சட்டையில் துடைத்த பிறகுதான் மீட்டர் பக்கம் திரும்புவார். ஒரு முறை மீட்டரையே மறந்துவிட்டு, தெருமுனையிலிருந்து திரும்பி வந்தார்.

அவருடைய ஐந்தாவது செடியாக இருக்கட்டும் என்று ஒரு கிளையைத் தயிர் டப்பாவில் நட்டேன். அது வேர்விட்டபோது மீட்டர் பார்க்க வந்தவர் வேறொருவர்.

“முன்னே வருவாரே, அவர் எங்கே?”

“யாருக்கா, பேர் இன்னா?”

அதைத்தான் நான் கேட்டிருக்கவில்லை.

தயிர் டப்பா மீட்டருக்குக் கீழேயே இருக்கிறது. மதியம் வாடினால் குடத்தைத் தொடுவதில்லை, பேனாவைத் தேடுகிறேன்.